கஞ்சியில் ஊறிய கடல்நாய்

கல்சட்டியைப் பழக்குவதில் எனக்கு இருந்த கர்வம்தான் என்னை நாய்க்கடியில் கொண்டுபோய் விட்டது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்வேன். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மகன் கனடாவில், வடக்குக் கோடியில், வருஷத்தில் பாதிக்கு மேல் கடல் உறைந்து கிடக்கிற ஊர் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறான். அங்கே இருப்பவர்கள் இனுயிட் மக்கள். மரமே முளைக்காத ஊர். கல்லும் எலும்பும் கொம்பும்தான் கைக்குக் கிடைக்கும், அதில்தான் செதுக்குவார்கள் என்பான். அவனுக்கு எதிர் வீட்டுக்காரர் அந்தக் குளிரிலும் வாசலில் உட்கார்ந்து, தலை முதல் கால் வரை வெள்ளைத் தூளாக, அரத்தை வைத்துக் கல்லை ராவிக்கொண்டிருப்பாராம். அவரிடம் ஒரு சிலை வாங்கி, சென்னைக்கு வந்த நண்பன் ஒருவனிடம் எங்களுக்குக் கொடுத்தனுப்பினான்.

ஒரு தேங்காய் அளவு இருக்கும். கரும்பச்சைக் கல். ஓர் ஆள் மண்டியிட்டிருக்கிறான். அவன் மடியில் ஒரு கடல்நாயின் தலை. உடம்பு பின்னால் வழுவழுவென்று நீண்டு வாலில் முடிகிறது. ஆள் குனிந்து தன் வாயை அதன் வாயருகே வைத்திருக்கிறான். வீடியோ காலில் மகனிடம், "முத்தம் குடுக்கறானாடா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அது செத்துப்போன கடல்நாய். அவன்தான் அதை வேட்டையாடினவன். உப்புத் தண்ணியிலேயே கெடந்ததோன்னோ, நல்ல தண்ணிக்குத் தாகமா இருக்கும்னு வாயில ஒரு வாய் விடறான்."

"கொன்னுட்டு தீர்த்தம் குடுக்கறானாக்கும்," என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கிண்டல் பண்ணாதேப்பா. அதுகள் காதுல விழும்னு சொல்வா அங்கே. வேட்டைக்காரன் அதைப் பிடிக்கறதில்லையாம், அதுவா அவன்கிட்ட வரதாம். மரியாதை குடுத்தாத்தான் அடுத்தது வரும். இல்லேன்னா ஊரே பட்டினி. பாசம் மட்டும் இல்லை, பயமும் இருக்கு அதுல."

முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. ஹாலில், டிவி பக்கத்தில், ஒரு செத்த பிராணியை வைக்க எனக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆளின் முகம் பிடித்துப்போனது. மகன் போனை வைக்கும் முன், என்னை நன்றாகத் தெரிந்தவனாக, "அதுக்கு எண்ணெய் கிண்ணெய்னு எதையும் தடவாதே," என்றான். நான் ஏண்டா தடவப்போறேன் என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கல்லைத் தொட்டதுமே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. மாக்கல். எங்கள் வீட்டுக் கல்சட்டியின் கல். நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கோடு விழும் அதே மிருது, அதே சோப்புக்கட்டி வழுவழுப்பு. உலகத்தின் மறு கோடியிலிருந்து வந்த பொருள், என் சமையலறை அலமாரிக்குச் சொந்தக்காரன்போல் இருந்தது. பெட்டிக்குள் உரசி வந்ததில் அதன் முதுகெங்கும் வெள்ளைக் கீறல். புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். மஞ்சள்பொடியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசி, வெயிலில் வைத்து, பிறகு சாதம் வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பழக்க வேண்டும். பழகிய கல் கறுத்துப் பளபளவென்று வரும், கீறலும் மறையும். இவனையும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றிய பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் ஏற்றப்போவதில்லை என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் இருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில், எட்டு வீடு உள்ள ஒரு பழைய அடுக்ககத்தின் தரைத்தளம். பின்பக்கம் துவைக்கிற கல் இருக்கிற இடத்தில்தான் வெயில் நன்றாக விழும். கத்திரி வெயில் நாள். மஞ்சளும் எண்ணெயும் பூசி ஒரு நாள் வைத்தாயிற்று. மறுநாள் காலை அலுமினிய வாளியில் வெதுவெதுப்பான கஞ்சியை ஊற்றி, சிலையை அதில் இறக்கிவிட்டு, கை கழுவ உள்ளே போனேன். குழாயைத் திறப்பதற்குள் வெளியே வாளி உருண்ட சத்தம் கேட்டது.

எங்கள் தெருவில் திரிகிற நாய்களில் ஒன்று. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பெண் நாய். கொட்டிய கஞ்சியை நக்கிவிட்டுச் சிலையையும் நக்கிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அது கடல்நாயின் வாலைக் கவ்வித் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தது. எனக்கு நாய் என்றால் சின்ன வயசிலிருந்தே பயம், எதிரே வந்தால் தெருவையே மாற்றிப் போகிறவள். அன்றைக்கு அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளை அனுப்பிய பொருள் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. போய் அதன் வாயிலிருந்து பிடுங்கினேன். சிலை கீழே விழுந்து வாலில் ஒரு சில்லு பெயர்ந்தது. என் வலது உள்ளங்கையில் நான்கு பல்லும் இறங்கியிருந்தன.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். கை முழுக்க ஏற்கெனவே மஞ்சள். ரத்தத்தின்மேல் இன்னும் ஒரு பிடி மஞ்சளை அப்பி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினேன். கழுவக்கூட இல்லை. சிலையைத் துடைத்து, புடவைகளுக்கு நடுவே பீரோவில் ஒளித்துவைத்தேன். என்ன ஆச்சு என்று கேட்ட கணவரிடம், "அரிவாள்மணை கீறிடுத்துன்னா," என்று சொன்னேன். நாய் கடித்தது என்றால் ஏன் கடித்தது என்று வரும், ஏன் என்றால் கஞ்சி வரும், கஞ்சி வந்தால் அது மகன் காதுக்குப் போகும். ஐம்பத்தெட்டு வயசில் பிள்ளையிடம் திட்டு வாங்குவதற்குப் பயந்து, நாய்க்கடியை மறைத்தேன்.

மூன்றாம் நாள் கை வீங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அவிழ்த்தாள்.

"இன்னாம்மா இது, அரிவாமணைன்னு சொல்லிக்கினு கீறீங்க? பல்லு பதிஞ்சிகீது. எந்த நாயி?"

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் என் கையை விடாமலேயே சொன்னாள்: "எங்க தெருவுல ஒரு ஆட்டோக்காரரு இருந்தாரு. குட்டி நாயி, லேசா கீறிச்சின்னு உட்டுட்டாரு. மூணு மாசம் ஒண்ணியும் இல்ல. ஒரு நாளு டீ குடிக்கப் போனாரு. கிளாஸ வாய்க்கிட்ட கொண்டாந்ததும் கழுத்து இழுத்துக்கிச்சி. தண்ணியப் பாத்தாலே கத்துனாரு. நாலே நாளும்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளேதான் ஹாலுக்குப் போய் என் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். அவர் திட்டாததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் என் மகன் வயசுப் பெண். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் என் கையைக் கழுவ வைத்தாள். மஞ்சள் கரைந்து கரைந்து ஓடிக்கொண்டே இருந்தது. கடித்த இடத்தைச் சுற்றிலும் ஊசி, தோளில் ஒரு ஊசி. "ஏம்மா ரெண்டு நாள் சும்மா இருந்தீங்க? அன்னிக்கே வந்திருக்கணும்," என்றாள். அப்புறம், "அந்த நாயைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எங்க தெருவுலதான் இருக்கு."

"கடிச்ச நாள்ல இருந்து பத்து நாள் அதைக் கவனிங்க. அதுக்கு நோய் இருந்தா, அதுக்குள்ள தெரிஞ்சிடும், செத்துடும். பத்து நாள் தாண்டி நல்லா இருந்தா, உங்களுக்கு அது மூலமா ஒண்ணும் வந்திருக்காது. ஆனா ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க."

அவள் ஊசியைப் பற்றி இன்னும் நிறையச் சொன்னாள். என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நாய் செத்தால் நானும் செத்துப்போவேன்.

திரும்பி வரும்போது தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லித் தேடினேன். இஸ்திரி வண்டிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. என் மாமியாரின் பிராணன் போகிற நேரத்தில்கூட நான் அப்படி உற்று அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் அடுக்ககத்தின் செயலாளரைப் பார்க்க மாடி ஏறினேன். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். தென்காசிப் பக்கத்துக் குடும்பம், நல்ல மனுஷர். ஆனால் நாய்கள் அவருடைய ஸ்கூட்டரைத் துரத்துவதால் அவற்றின்மேல் தீராத கோபம். யாராவது விரட்டியோ கல்லால் அடித்தோ அந்த நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? எனக்கு வேறு வழி தெரியவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல, மாமி. சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம். ஒரு ஆள் இருக்கான், டெம்போ கொண்டுவந்து பிடிச்சிட்டுப் போய் ஊருக்கு வெளிய தூரமா விட்டுருவான். நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். பத்து நாள். பத்து நாள் மட்டும் அதை யாரும் ஒண்ணும் பண்ணிடக் கூடாது. கடிச்ச நாள்லேர்ந்து கணக்கு."

"பத்து நாள்தான? சரி மாமி, உங்களுக்காக," என்றார். அவருக்குக் கை கூப்பினேன். நிம்மதியாகக் கீழே இறங்கினேன்.

மறுநாளிலிருந்து இரண்டு வேளை அதற்குச் சாப்பாடு. தயிர் சாதம், பால் சாதம். தட்டை வைத்துவிட்டுக் கிரில் கதவுக்குப் பின்னால் ஓடி வந்துவிடுவேன். பிறகு அங்கிருந்து பார்த்தால் கண் சரியாகத் தெரியவில்லை, எச்சில் வடிகிறதா என்று தெரியவில்லை. ஆகவே கதவுக்கு வெளியே வந்தேன். பிறகு மேல் படி. பிறகு கீழ்ப் படி. ஆறாம் நாள் அது என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிச் சாப்பிட்டது. "இந்தா, வா" என்று சொன்னால் எங்கிருந்தாலும் வரும். மற்றவர்கள் கூப்பிட்டால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். "எனக்கு ஒரு நாளும் இந்தக் கவனிப்பு கெடச்சதில்லை," என்றார் கணவர். பேச்சை லேசாக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் டம்ளரில் தண்ணீர் எடுத்து, முதலில் அதை உற்றுப் பார்ப்பேன். பிறகு மெதுவாக ஒரு வாய். தொண்டை இழுக்கிறதா என்று காத்திருப்பேன். பிறகு மின்விசிறிக்கு நேராக முகத்தைக் காட்டி நிற்பேன், காற்று பட்டாலும் ஆகாது என்று போனில் படித்திருந்தேன். பயத்தில் தொண்டை தானாகவே இறுகும், இறுகியதால் பயம் கூடும். என் டம்ளரை, தட்டைத் தனியாக வைத்தேன். கணவர் தெரியாமல் என் டம்ளரில் காபி குடித்துவிட்ட அன்று நான் போட்ட கூச்சலில் அவர் டம்ளரைத் தவறவிட்டு என் புடவையெல்லாம் காபி. செத்துப்போவதைவிட, அவரைக் கடித்துவிட்டுச் செத்துப்போவேனோ என்றுதான் எனக்கு அதிகம் நடுக்கம்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பீரோவைத் திறந்து சிலையை எடுத்தேன். மஞ்சள் வாசனை போகவில்லை. மண்டியிட்டவனின் முகத்தில் அமைதி இருப்பதாக முதலில் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது அமைதி இல்லை. அவன் கண் அந்தப் பிராணியின் வாயிலேயே இருந்தது. தண்ணீர் உள்ளே போகிறதா, அது ஏற்றுக்கொண்டதா என்று பார்க்கிறான். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. செதுக்கியவர் வாசல் குளிரில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார், நான் ஒன்றும் புரியாமல் அதை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொன்றுவிட்டுத் தீர்த்தம் கொடுப்பதா என்று சிரித்த வீடு இது. நானும் தினம் இரண்டு வேளை ஒரு பிராணியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனாவது அது தன்னையே கொடுத்ததற்காகச் செய்தான். நான் அது செத்துவிடக் கூடாதே என்று செய்தேன். பெரிய வித்தியாசம்தான். அதை நினைக்கப் பிடிக்காமல் சிலையைத் திரும்பப் புடவைக்குள் சுற்றி வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் காலை அது வரவில்லை.

"இந்தா, வா" என்று தெருவின் இரண்டு முனையிலும் கூப்பிட்டேன். இஸ்திரி வண்டிக்காரர் காலையிலிருந்து பார்க்கவில்லை என்றார். காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் நடந்தேன். ஒவ்வொரு தண்ணி லாரி போகும்போதும் அதன் சக்கரத்தைப் பார்த்தேன். கால்வாய் ஓரம் முழுக்க நடந்தேன். கரையில் ஒரு செம்பட்டை மூட்டை கிடந்தது.  கிட்டே போனால் கிழிந்த பாய். அங்கேயே நின்று வாந்தி எடுத்தேன். கணவர் இன்னொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மந்தைவெளி மார்க்கெட்டுக்குள், நான் வாழ்நாளில் எட்டிப் பார்க்காத மீன் கடை வரிசையில் நுழைந்தேன். ஈரத்தரை, செதில், வாடை. அங்கே ஒரு பலகைக்கு அடியில் உட்கார்ந்து மீன் தலை ஒன்றை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

நான் அழுவதைப் பார்த்த மீன்காரம்மா, கத்தியை நிறுத்திவிட்டு, "இன்னா மாமி, நாயி உங்களுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்," என்றேன்.

அது என் பின்னாலேயே வீடு வரை வந்தது.

பத்தாம் நாள் முடிந்தது. பதினொன்றாம் நாள் காலை, தட்டில் வைத்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மடிந்த காதைச் சொறிந்துகொண்டு படியருகே படுத்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். "சந்தோஷம்மா, இனி பயப்படாதீங்க. மிச்ச ஊசியையும் போட்டுக்கோங்க," என்றாள். போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்தேன். சேமியா பாயசம் வைக்கலாமென்று அடுப்பைப் பற்றவைத்தேன். இத்தனை நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ எழுந்து போய்விட்டது. அதோடு அந்த நாயும் என் நினைவிலிருந்து போய்விட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பால் பொங்குகிற நேரத்தில் வாசலில் டெம்போ நின்றது.

செயலாளர் சொன்ன ஆள். கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் கம்பிச் சுருக்கு. தெருவில் மூன்று நாய்களைப் பத்து நிமிஷத்தில் பிடித்து ஏற்றிவிட்டான். செம்பட்டை மட்டும் அகப்படவில்லை. கம்பைப் பார்த்ததும் எங்கள் வாசலுக்குள் ஓடி வந்து, நிறுத்தியிருந்த காருக்கு அடியில் நடுப்பக்கமாகப் புகுந்துகொண்டது. ஒரு பக்கம் கம்பை விட்டால் மறுபக்கம் நகர்ந்தது. அவன் வியர்த்து நின்றான். மாடி வீடுகளிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

செயலாளர் எங்கள் கிரில் கதவருகே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "மாமி, நீங்க கேட்ட பத்து நாளும் யாரையும் அது பக்கம் போக விடலை. இன்னைக்கு என் பேத்தி கீழ விளையாட வரணும். அடுத்த கடி அவ கையில விழுந்தா நான் யார்ட்டப் போய்க் கேப்பேன்?" காரைக் காட்டி, "நீங்க கூப்பிட்டா அது வரும்," என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். "உனக்கு வேண்டாம்னு பட்டா, முடியாதுன்னு சொல்லிடு," என்றார் அவர். "நான் இருக்கேன்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை அந்த வார்த்தையைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை என்றார், அது நியாயம். என் கை இன்னும் ஆறவில்லை, அதுவும் நிஜம். ஆனால் நான் அவற்றையெல்லாம் யோசித்து முடிவெடுக்கவில்லை. எட்டு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பத்து நாள் என்பது என் வாயாலேயே நான் கேட்டது, அந்தக் கெடு முடிந்திருந்தது. அதற்கு மேல் அந்த நாயிடம் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

கிரில் கதவைத் திறந்து கீழ்ப் படி வரை இறங்கினேன். அந்த ஆள் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். கையில் தட்டு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தா, வா," என்றேன்.

காருக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டு, வேறு யாரையும் பார்க்காமல், வாலை ஆட்டியபடி நேராக என்னிடம் வந்தது.